இந்த மதிப்புரை உங்களுக்கு உதவியாக இருந்ததா?

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், மாண்ட்ரியலுக்குப் பொறியியல் முதுகலை படிக்க வந்த புதிதில், ஓர் இணையப் புத்தகக் கடையில் இரண்டு மதிப்புரைகள் எழுதினேன். முதலாவது, உலகமே கொண்டாடும் ஓர் ஆங்கில நாவலுக்கு. மெட்ரோவில் வீடு திரும்பும்போது எழுதிய நான்கு வரிகள். அற்புதம், கண்ணில் நீர் வந்தது, கட்டாயம் வாசியுங்கள், அவ்வளவுதான். 5 நட்சத்திரம்.

இரண்டாவதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவானது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒரு நாவல் அது. மொழிபெயர்ப்பில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் ஒரே 'அங்கிள்' ஆகியிருந்தார்கள். அத்தை மகனும் சித்தி மகனும் ஒரே 'கசின்'. கதையின் முடிச்சே யார் யாருக்கு முறை என்பதில்தான் இருக்கிறது. ஒருவனைக் கட்டிக்கொள்வது ஊருக்குச் சம்மதம். இன்னொருவனைப் பற்றி அப்படி நினைப்பதே பாவம். ஆங்கிலத்தில் மட்டும் வாசிப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே வழியில்லை. இதையெல்லாம் உதாரணத்தோடு எழுதி, மூல நாவல் நல்லது, மொழிபெயர்ப்பு சுமார் என்று 3 நட்சத்திரம் போட்டேன்.

சில மாதங்கள் கழித்துப் பார்த்தேன். நான்கு வரி மதிப்புரை உதவியாக இருந்தது என்று ஏகப்பட்ட பேர் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதிப்புரைக்கு 11 பேர் வாக்களித்திருந்தார்கள். உதவியாக இருந்தது என்றவர்கள் 2 பேர்.

கோபம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோபம் தணிந்த பிறகு தொழில் புத்தி வந்தது. அந்த 9 பேரும் முட்டாள்களாக இருக்க முடியாது. அப்படியானால் 'உதவியாக இருந்ததா?' என்ற கேள்விக்கு மக்கள் உண்மையில் எதை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள்?

முதலில் அந்தப் பொத்தானைப் பார்ப்போம். அமேசான் 1995 ஜூலையில் புத்தகக் கடையாக ஆரம்பித்தது. வாசகர்களே மதிப்புரை எழுதலாம் என்ற ஏற்பாடு ஆரம்ப காலத்திலேயே வந்துவிட்டது. மதிப்புரைகள் குவிந்தவுடன் எதை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது என்ற பிரச்னை எழுந்தது. அந்த வேலையையும் வாசகர்களிடமே விட்டார்கள். ஒவ்வொரு மதிப்புரைக்குக் கீழேயும் அந்தக் கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். மதிப்புரைக்கு மேலே, இத்தனை பேரில் இத்தனை பேருக்கு இது உதவியது என்று ஒரு வரி. விமரிசனத்துக்கே விமரிசனம்!

இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. 3 பேரில் 3 பேர் ஆம் என்ற மதிப்புரை மேலே வர வேண்டுமா, 100 பேரில் 90 பேர் ஆம் என்றது வர வேண்டுமா? விகிதப்படி முதலாவது 100 சதவீதம், இரண்டாவது 90 சதவீதம். ஆனால் மூன்றே இன்னிங்ஸ் ஆடிச் சராசரி நூறு வைத்திருக்கும் பையனை டெண்டுல்கருக்கு மேலே வைப்போமா? எட்வின் வில்சன் என்ற அமெரிக்கர் 1927ல் கொடுத்த சூத்திரம் ஒன்று இங்கே கைகொடுக்கும். வாக்குகள் குறைவாக இருந்தால் அந்த விகிதத்தை அவ்வளவாக நம்பாதே என்பது அதன் சாரம். 95 சதவீத நம்பிக்கை அளவில், உண்மையான விகிதம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டால், 3க்கு 3 வாங்கியது சுமார் 44 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 100க்கு 90 வாங்கியது சுமார் 83ல் நிற்கும்.

சூத்திரம் சரிதான். ஆனால் வாக்கு விழும் விதத்தை அதனால் சரி செய்ய முடியாது. 2007ல் ஜிங்ஜிங் லியுவும் சக ஆய்வாளர்களும் அமேசானில் பொருட்களின் மதிப்புரைகளை ஆராய்ந்து மூன்று சாய்வுகளைக் காட்டினார்கள். ஒன்று, மக்கள் 'இல்லை'யைவிட 'ஆம்' என்பதையே அதிகம் அமுக்குகிறார்கள். இரண்டு, ஏற்கெனவே நிறைய வாக்கு வாங்கிய மதிப்புரை மேலும் மேலும் வாங்குகிறது. மேலே இருப்பதுதானே கண்ணில் படும்? மூன்று, முந்தி எழுதியவருக்கு வாக்கு அதிகம், பிந்தி வந்தவருக்குக் குறைவு. பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்குத்தான் வடை!

இதெல்லாம் வாக்குகளின் எண்ணிக்கையை விளக்குகிறது. ஆனால் எனக்கு விழுந்த 9 'இல்லை'களை விளக்கவில்லை. அதற்கு விடை 2009ல் மாட்ரிட் நகரில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் வெளியான ஒரு கட்டுரையில் கிடைத்தது. எழுதியவர்கள் கிறிஸ்டியன் டானெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில், கியோர்கி கோஸினெட்ஸ், ஜான் கிளைன்பெர்க், லிலியன் லீ. அமேசானில் சுமார் 6,75,000 புத்தகங்களுக்கு எழுதப்பட்ட 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மதிப்புரைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மதிப்புரையும் அந்தப் புத்தகத்தின் சராசரி நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அதற்கு எவ்வளவு 'ஆம்' விழுந்திருக்கிறது என்று ஒப்பிட்டார்கள்.

கிடைத்த படம் சுவாரசியமானது. ஒரு புத்தகத்தைப் பற்றி எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அபிப்பிராயம் சொல்லியிருந்தால், அந்தச் சராசரியை ஒட்டிப் பேசும் மதிப்புரைக்குத்தான் ஆதரவு அதிகம். அபிப்பிராய பேதம் கொஞ்சம் கூடினால், சராசரிக்குச் சற்று மேலே பாராட்டுகிறவருக்கு ஆதரவு. அதே அளவு கீழே இறங்குகிறவருக்குக் குறைவு. பேதம் மிகவும் கூடி வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டால், வரைபடத்தில் ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு திமில்கள் வந்துவிடுகின்றன. புகழ்கிறவருக்கு அவர் கட்சி வாக்களிக்கிறது, இகழ்கிறவருக்கு எதிர்க்கட்சி. நடுவில் நின்று இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறவர் பள்ளத்தில் கிடக்கிறார்.

உடனே ஒரு சந்தேகம் வரும். சராசரியை ஒட்டி எழுதுகிறவர்கள் உண்மையிலேயே நன்றாக எழுதியிருக்கலாமே? இதை அவர்கள் சோதித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே வாசகத்தைக் கிட்டத்தட்ட அப்படியே நகலெடுத்து வெவ்வேறு பக்கங்களில் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் காப்பியடித்த ஜோடிகளைத் தேடிப் பிடித்தார்கள். எழுத்து ஒன்றேதான், ஆகவே தரமும் ஒன்றேதான். மாறுவது, அந்தந்தப் பக்கத்துச் சராசரியிலிருந்து உள்ள தூரம் மட்டும். சராசரிக்கு அருகில் இருந்த நகலுக்கே அதிக ஆதரவு கிடைத்திருந்தது.

அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் என்று நாடு நாடாகவும் பார்த்தார்கள். ஜப்பானில் மட்டும், அபிப்பிராய பேதம் அதிகமுள்ள இடங்களில், சராசரிக்குக் கீழே பேசுகிறவருக்கு ஆதரவு சற்றுத் தூக்கலாக இருந்தது. ஆகவே இது ஓரளவு பழக்கமும் பண்பாடும் சம்பந்தப்பட்டது.

சுருக்கமாகச் சொன்னால், 'இந்த மதிப்புரை உதவியாக இருந்ததா?' என்ற கேள்விக்கு நாம் பெரும்பாலும் 'இந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமா?' என்ற கேள்வியின் பதிலைச் சொல்கிறோம். என் மொழிபெயர்ப்பு மதிப்புரைக்கு முன்னால் இருந்தவை அத்தனையும் 5 நட்சத்திரங்கள். கூட்டம் ஒரு பக்கம் நின்றது, நான் மறுபக்கம். 'முறை' பற்றி நான் எழுதியது தவறென்று யாருமே சொல்லவில்லை. அதுவரை வாசித்தார்களா என்பதே தெரியாது.

இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஒரு பழைய ஆய்வும் உண்டு. 1983ல் தெரசா அமபிலே என்ற உளவியலாளர், நியூயார்க் டைம்ஸில் வந்த புத்தக மதிப்புரைப் பகுதிகளை எடுத்து, சில சொற்களை மட்டும் மாற்றிப் பாராட்டாகவும் கண்டனமாகவும் இரண்டு வடிவங்கள் செய்து வாசிக்கக் கொடுத்தார். கண்டித்து எழுதியவரையே மக்கள் அதிக அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். அதே சமயம், பழகப் பிடிக்காத ஆள் என்றும் சொன்னார்கள். நம் இலக்கியக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இரண்டையும் எப்படிப் பொருத்துவது? என் ஊகம் இது. அமபிலேயின் வாசகர்களுக்கு முன்னால் ஒரே ஒரு மதிப்புரை இருந்தது. மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அந்தப் புத்தகத்தின்மேல் பாசமும் கிடையாது. இணையத்தில் சராசரி நட்சத்திரம் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. அதோடு, ஒரு புத்தகத்தின் பக்கத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் அதை வாங்கியவர், அல்லது வாங்க ஏறக்குறைய முடிவு செய்தவர். அவர் தேடுவது தகவல் அல்ல, தைரியம்.

இந்தப் பொத்தான்களும் நட்சத்திரங்களும் விளையாட்டல்ல. ஜூடித் செவாலியே, தீனா மேஸ்லின் இருவரும் அமேசானையும் பார்ன்ஸ் அண்ட் நோபிளையும் ஒப்பிட்டு 2006ல் வெளியிட்ட ஆய்வு, மதிப்புரைகள் விற்பனையைப் பாதிப்பதைக் காட்டியது. 5 நட்சத்திரம் தூக்கிவிடுவதைவிட 1 நட்சத்திரம் கீழே தள்ளுவது அதிகம். மக்கள் வெறும் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போவதில்லை, எழுதியிருப்பதையும் வாசிக்கிறார்கள் என்பதற்கும் அவர்களுக்கு அடையாளங்கள் கிடைத்தன. எனக்கு அது கொஞ்சம் ஆறுதல்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். மாண்ட்ரியலில் கோட்-தெ-நெய்ஜ் பகுதியில் ஈழத்தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். என் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அறை முழுக்கப் புத்தகம். கேட்டால் தருவார், திருப்பித் தரும் தேதியைக் கேட்டுவிட்டுத் தருவார். ஒரு நாள் என் 11க்கு 2 கதையைச் சொல்லி, மடிக்கணினியில் மற்ற மதிப்புரைகளையும் காட்டினேன்.

"தம்பி, உதை எழுதினது ஆர்?"

"பேர் இல்லை ஐயா. புனைபெயர்தான் போட்டிருக்கு."

"அப்ப அவர் சொல்லுறதை நான் ஏன் கேக்கவேணும்? எனக்குத் தெரிஞ்ச ஆள் எண்டால், அவருக்குப் பிடிக்கேல்லை, அப்ப எனக்குப் பிடிக்கும் எண்டாவது ஒரு கணக்குப் போடுவன்."

இதைவிடத் தெளிவாக ஆய்வுக் கட்டுரைகள் எதுவும் சொல்லிவிடவில்லை. ஆனால் ஒன்று கிட்டத்தில் வருகிறது. 2008ல் ஃபோர்மன், கோஸ், வீசன்ஃபெல்ட் மூவரும் செய்த ஆய்வில், தன் பெயர், ஊர் போன்ற விவரங்களைச் சொல்லிக்கொண்டு எழுதியவரின் மதிப்புரைக்கு வாசகர்கள் அதிக மதிப்புக் கொடுத்தது தெரிந்தது. ஊர்ப் பெயர் சொன்ன மதிப்புரைகளுக்கும் அதே ஊரில் நடக்கும் விற்பனைக்கும் நெருக்கம் கூடுதலாக இருந்தது. நம் ஊர்க்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்பது கணினிக்குள்ளும் போய்விட்டது.

பெயர் இல்லாமல் எழுதினால் என்ன நடக்கும் என்பதைக் கனடாவே உலகத்துக்குக் காட்டியது. 2004 பிப்ரவரியில் அமேசானின் கனடியத் தளத்தில் ஒரு மென்பொருள் கோளாறு. புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாட்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. ஜான் ரெச்சி என்ற புகழ்பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் தன் புத்தகத்துக்குத் தானே 5 நட்சத்திரம் போட்டிருந்தது வெளியானது. (மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், இவ்வளவு உபயோகமான கோளாறு ஒன்றை நான் எழுதியதில்லை!) இது புதிதும் அல்ல. வால்ட் விட்மன் 1855லேயே தன் கவிதைத் தொகுப்பைப் புகழ்ந்து பெயரில்லாமல் மதிப்புரைகள் எழுதினார். புகழ்வதோடு நிற்காமல் அடுத்தவரைத் தாழ்த்தவும் இது பயன்படும். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜஸ், சக வரலாற்றாசிரியர்களின் புத்தகங்களைப் பெயர் மறைத்து மட்டம் தட்டியதை 2010ல் ஒப்புக்கொண்டு நஷ்ட ஈடும் கொடுக்க நேர்ந்தது.

பெயர் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அடுத்து நடந்தது என்னைச் சிறுமைப்படுத்தும் விஷயம். அதனால்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

2016 டிசம்பரில் அமேசான் கிண்டில் தமிழுக்கும் இடம் கொடுத்தது. பதிப்பாளர் வாசலில் நிற்காமல் யார் வேண்டுமானாலும் தமிழில் மின்னூல் போடலாம் என்ற நிலை வந்தது. இங்கே இருக்கும் என் நண்பன் ஒருவன் சிறுகதைத் தொகுப்பு போட்டான். போட்ட அன்றே தொலைபேசி: "மச்சி, அஞ்சு ஸ்டார் போட்டுடு. ரெண்டு வரி எழுது போதும்." போட்டேன். என் சொந்தப் பெயரில். கதைகளில் பாதியைத்தான் அப்போது வாசித்திருந்தேன்.

பெரியவரின் மகள் அவருடைய பலகைக் கணினியில் அந்தத் தொகுப்பை வாங்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறார். காரணம், மதிப்புரையில் என் பெயர் இருந்தது. இரண்டு வாரம் கழித்து மாடிப்படியில் பார்த்தபோது அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, "இனி நீர் நல்லது எண்டு சொன்னால் ரெண்டு தரம் யோசிப்பன், தம்பி," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தமிழில் இந்தப் பிரச்னை ஆங்கிலத்தில் இருப்பது போன்றதல்ல. அங்கே ஆயிரக்கணக்கில் மதிப்புரைகள் விழும்போது பொய்கள் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இங்கே ஒரு மின்னூலுக்கு ஏழெட்டு மதிப்புரை வந்தாலே அதிகம். அதில் ஆறு பேர் ஆசிரியரின் வாட்சப் குழுவில் இருப்பார்கள். வில்சனின் சூத்திரம் இந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மதிப்புரையும் இங்கே நிஜமாகவே கனக்கிறது.

ஆனால் சின்ன வட்டம் என்பதாலேயே தமிழ் விமரிசனம் நாசமாகிவிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தபோது அதன் வாசகர் வட்டம் மிகச் சிறியது. எழுதியவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். க.நா.சு. தன் ரசனையை நம்பி, நல்லது இது, அல்லாதது இது என்று பட்டியல் போட்டார். அது போதாது, படைப்பைப் பிரித்துக் காரணம் சொல்ல வேண்டும் என்று செல்லப்பா அலசல் விமரிசனத்தை முன்வைத்தார். நட்சத்திரமும் ஒருவகையில் பட்டியல்தான். பட்டியல் போடுகிறவர் வாழ்நாள் முழுக்க வாசித்த க.நா.சு.வாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. நானும் என் நண்பனும் போடும் நட்சத்திரத்துக்கு அலசல்தான் துணை.

எங்கள் தெருவிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கோட்-தெ-நெய்ஜ் சாலையில் ரெனோ-ப்ரே என்ற கியூபெக் புத்தகக் கடை இருக்கிறது. கடைக்காரர்களுக்குப் பிடித்த புத்தகத்தின் அட்டையில் 'மனம் கவர்ந்தது' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரோடு ஓர் ஒட்டி இருக்கும். நம்பி வாங்கிய புத்தகம் சரியில்லை என்றால் அதே வாசலில் நுழைந்து சண்டை போடலாம். அபிப்பிராயத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது.

இப்போது ஒரு மதிப்புரை உதவியாக இருந்ததா என்று முடிவு செய்ய நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நட்சத்திரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாசிப்பேன். தீர்ப்பை நான் ஏற்காவிட்டாலும் எனக்குப் பயன்படுகிற ஒரு விஷயமாவது அதில் இருக்கிறதா? 'கடைசி நூறு பக்கம் இழுவை' என்று ஒருவர் குறை சொன்னால், நிதானமான நடை பிடித்த எனக்கு அது சிபாரிசாகக்கூட இருக்கலாம். 'அற்புதம்' என்ற சொல்லிலிருந்து அப்படி எதையும் பிரித்து எடுக்க முடியாது.

இந்தச் சோதனையில் நானே ஒரு முறை தோற்றவன். மாணவனாக இருந்தபோது, எனக்கு உயிரான ஒரு நாவலின் இறுதிப் பகுதி வெறும் நிரப்பல் என்று ஒருவர் காரணத்தோடு எழுதியிருந்தார். முழுதும் வாசிக்காமலே 'இல்லை' அமுக்கினேன். போன வருஷம் அந்த நாவலை மறுபடி வாசித்தேன். அவர் சொன்னது சரி. வாக்கை மாற்றலாம் என்று அந்தப் பக்கத்துக்குப் போனேன். 'இல்லை' என்ற பொத்தானையே எடுத்துவிட்டார்கள். இப்போது 'உதவியானது' மட்டும்தான் இருக்கிறது. பிடிக்காதவர்கள் சத்தமில்லாமல் போய்விட வேண்டியதுதான். தாமதமாக அதை அமுக்கிவிட்டு வந்தேன்.

நண்பனின் தொகுப்பை முழுக்க வாசித்து, மதிப்புரையைத் திருத்தி எழுதினேன். எந்த இரண்டு கதைகள் நின்றன, ஏன். எந்தக் கதையில் முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது. கனடாவின் பனியைப் பற்றி எழுதும்போது அவன் மொழி ஏன் சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. 3 நட்சத்திரம். இரண்டு மாதம் என்னோடு அவன் பேசவில்லை. இப்போது பேசுகிறான், அந்தப் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

பெரியவரிடம் திருத்தியதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை வாசித்தார். "பனிக்கதை எனக்குப் பிடிச்சது, தம்பி," என்றார்.